நாலாவது ஆளாக ஒரு கல்

பேய், செய்வினை, கண்ணூறு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கடைசி மூச்சு விட்டவர்களின் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைகழுவி வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என்னைத் தேடிக்கொண்டு என் வீடிருக்கிற ரோவில் நகர் வரைக்கும் வந்தது கிடையாது. ஆகவே இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் என்ன செய்வது, நடந்தது எனக்கல்லவா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் இருட்டும் இல்லை, சுடுகாடும் இல்லை. எல்லாம் சனிக்கிழமைப் பின்னேரங்களில், நல்ல வெளிச்சத்தில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் நடந்தது.

கலாவும் நானும் மெல்பேர்னுக்கு வந்தது ஒரே குளிர்காலத்தில். ஒரே ஆங்கில வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல குளிர்க்கோட்டுத்தான் இருந்தது. யாருக்கு வேலை கேட்டுப் போக வேண்டியிருந்ததோ அவள் அதைப் போட்டுக்கொண்டு போவாள், மற்றவள் வீட்டில் இருப்பாள். அப்படிப்பட்ட சிநேகிதம். பிறகு இருவரும் வீடு வாங்கினோம், அதுவும் இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் கலா வீட்டுப் பின்விறாந்தையில், ஜன்னலோரக் கதிரையில், நானே தைத்துக் கொடுத்த மெத்தையின் மேல் நான் இருப்பேன். கேட்பாரில்லை.

பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது என் யோசனை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார், இளமையில் மில்டூராவுக்கும் அங்கால், புரோக்கன் ஹில்லுக்கும் அங்கால், செம்மண் மேட்டுப் பாலையில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் வேலை செய்தவர். "அங்கே வானம் பதிவான, தாழ்ந்த கூரை மாதிரி, எழும்பி நின்றால் தலையில் இடிக்கும்" என்று சொல்வார். மனிதர்கள் சொல்கிற இப்படியான கதைகளை நான் விடமாட்டேன், பொறுக்கிக்கொண்டு வந்து கலாவிடம் கொட்டிவிடுவேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூரையின் கீழ் ஒருநாள் படுக்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் திட்டம் போட்டோம். பிள்ளைகள் வளரட்டும், வீட்டுக் கடன் முடியட்டும் என்று அது தள்ளித் தள்ளிப் போனது.

அப்போதுதான் கலா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு வித்யா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளமை. அவளிடம் கரடுமுரடான பாதையிலும் ஓடுகிற பெரிய ஜீப் இருந்தது. வேறென்ன வேண்டும்? எங்கள் திட்டம் ஒரு மாதத்துக்குள் வித்யாவின் திட்டமாகிவிட்டது. எத்தனை கேன் தண்ணீர், எந்தக் காஸ் அடுப்பு, மேட்டுப் பாலையில் இரவில் எவ்வளவு குளிரும், எல்லாம் அவளுக்குத் தெரியும். "கலாக்கா, பகல்ல வெயிலைப் பாத்து ஏமாந்துடாதீங்க, ராத்திரி பல்லு கிடுகிடுங்கும்" என்பாள். கலா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அந்தக் கிழவர் சொன்னதாக இதையே நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

ஒரு சனிக்கிழமை போனால் வித்யா என் கதிரையில் இருக்கிறாள். என் மெத்தையின் மேல். அவளுக்கு அது யாருடைய கதிரையென்று தெரியாது, சரி. கலாவுக்குத் தெரியுமல்லவா? அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி இருந்தது.

முதலில் நாலு பேர் போவதாகத்தான் ஏற்பாடு. நாலாவது ஆள் என் கணவர். தண்ணீர் இழுத்து ஊற்றுகிற கழிப்பறை அங்கே கிடையாது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு முதுகுவலி வந்துவிட்டது. அதை நான் வந்து சொன்னவுடனே கலா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, மூண்டு பேராப் போகேலாது. சரிவராது."

"எங்க ஊர்லயும் அதேதான்க்கா" என்றாள் வித்யா. "மூணு பேராக் கெளம்பினா ஒரு கல்லை எடுத்துப் பையில போட்டுக்குவோம். அதுதான் நாலாவது ஆளு."

"அட, நாங்களும் அப்பிடித்தான்! அம்மா கலியாண வீட்டுக்குப் போகேக்ககூடக் கைப்பைக்குள்ள கல்லு வைச்சுக்கொண்டு போறவ!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கல்லாம். நானும் கலாவின் ஊர்க்காரிதான், எனக்கும் அது தெரியும், ஆனால் என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. ஏலத்தில் விலை கூப்பிடுகிறவள் மாதிரி நான் குறுக்கே விழுந்து சொன்னேன்: "கல்லு நான் கொண்டு வாறன்."

வீட்டில் ஒரு கல் இருந்தது. ஒரு பாண் ரொட்டி அளவு, சாம்பல் நிறம். வீடு வாங்கின நாளிலிருந்து, குசினிக்கும் உடுப்புத் தோய்க்கிற அறைக்கும் இடையிலுள்ள கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தது. நான் கலாவோடு தொலைபேசியில் கதைப்பது அந்த வாசலில் இருந்துதான். சம்பல் இடிப்பதும் அங்கேதான், குசினி மேசையில் இடித்தால் பாத்திரமெல்லாம் ஆடும். கணவரோடு கோபமென்றால் வந்து புறுபுறுப்பதும் அங்கேதான். அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன்.

கலா அதற்கும் ஒரு கதிரை போட்டாள். வித்யா தன் நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினாள். "இப்பதான் ஒரு அக்கா மாதிரி இருக்கு" என்றாள். கலா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அதற்கு முன்னாலும் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தாள். நானும் சிரித்தேன். நான் பொட்டு வைப்பதில்லை, அந்தப் பசை எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஒட்டினால் தோல் தடித்துக் கடிக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணச் சாமான்களெல்லாம் கலா வீட்டில்தான் சேர்ந்துகொண்டிருந்தன. கல்லும் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கிழமை நடுவில் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கலாவும் வித்யாவும் கடையொன்றில் கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு இளிக்கிறார்கள். கூடாரம் வாங்கியாயிற்று. என்னைக் கேட்கவில்லை. எனக்கு வேலைநாளாம், தொந்தரவு தரக்கூடாதென்று நினைத்தார்களாம். அந்தச் சனிக்கிழமை தலையிடி என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுச் சோபாவில் படுத்தேன். கணவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். கல் இல்லாத கதவு பின்னேரம் முழுக்க டமார் டமாரென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே அவர்கள் முற்றத்தில் கூடாரம் அடித்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ஒருவரும் என்னைத் தேடமாட்டார்கள் என்று நினைத்து நினைத்து வெந்தேன்.

அடுத்தநாள் கலா தொலைபேசியில். "நேற்று என்ன சிரிப்படி! வயிறு இன்னும் நோகுது" என்றாள்.

என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "ஓம் ஓம்" என்று வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. யாரோ வராததால் மேலதிக வேலைக்குக் கூப்பிட்டார்கள், நானும் நல்லதென்று போனேன். அவர்களுக்குச் செய்திகூட அனுப்பவில்லை. நான் இல்லாதது அவர்களுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

பிறகு ஒருநாள் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது வித்யா ஓடி வந்தாள். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்குத்தான் வரலாம்னு இருந்தேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே இடிச்சேன். டேஸ்ட் பாத்துச் சொல்லுங்க."

இடிசம்பல். பயணத்துக்கென்றே வறுத்து இடிப்பது, நாலைந்து நாள் கெடாது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று வாயெடுத்தேன், அதற்குள் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், அது என் கையின் ருசி. என் முற்றத்துத் தேசி மரத்தின், அதாவது எலுமிச்சையின், இளம் இலையை வாட்டி நான் அதற்குள் போடுவேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கலா எத்தனையோ வருடமாகக் கேட்கிறாள், அவளுக்கே சொன்னதில்லை. ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஒன்று தனக்கென்று இருக்க வேண்டாமா?

"தேசி இலை…" என்றேன்.

"ஆமாக்கா, நீங்கதானே மடியில கட்டிக் கொண்டாந்து குடுத்தீங்க?" அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு என்னை 'எடி வித்யா'ன்னு கூப்பிட்டீங்கல்ல? எங்க அக்கா இறந்தப்புறம் யாரும் என்னை அப்படி உரிமையாக் கூப்பிட்டதில்ல. வீட்டுக்குப் போய் அழுதேன்."

நான் அவளை வாழ்க்கையில் 'நீங்கள்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. வேண்டுமென்றேதான்.

மரக்கறிக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு நேரே கலா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "வா வா, இப்பதான் உன்னை நினைச்சனான்" என்றாள். அப்படி அவள் என்னை வரவேற்றுக் கனகாலம்.

"கலா, போன சனிக்கிழமை நான் வரேல்ல."

"விசர்க்கதை கதையாதை."

"அதுக்கு முந்தின சனியும் வரேல்ல. தலையிடி எண்டு மெசேஜ் போட்டனான்."

"போட்டனி. போட்டிட்டுப் பிறகு வந்தனி. 'தலையிடி பறந்திட்டுது, உங்கட மூஞ்சியளைப் பார்க்க வேணும்போல இருந்தது' எண்டு சொன்னனி. டென்ட் கம்பியைப் பிழையாக் கொழுவி அதுக்குள்ளயே நாங்கள் மூண்டு பேரும் விழுந்து கிடந்து சிரிச்சதை மறந்திட்டியே?"

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லுற கதை எல்லாம் கேட்கிறனான்தானே மனோ. ஆனால் போன சனி சொன்ன அந்தக் கோட்டுக் கதை… அண்டைக்கு உனக்கும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தவங்கள் எண்டு நீ ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்ல? நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வேலை எடுத்திட்டு வந்து துள்ளினனான். நீ அடுப்படியில நிண்டு ரொட்டி சுட்டுத் தந்தனி. நினைக்க நினைக்க எனக்கு ஏலாமக் கிடக்கு."

அது உண்மை. அந்தக் காலத்தில் ஒரு குளிர்காலை, இருவருக்கும் ஒரே நாளில் நேர்முகம் வந்தது. நான் என்னுடைய கடிதத்தை மடித்து மறைத்துவிட்டுக் கோட்டை அவளிடம் கொடுத்தேன். கணவருக்கே தெரியாது. நான் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன், ஆனால் மறக்கவில்லை. என்றாவது கலா என்னை முற்றாகக் கைவிடுகிற நாள் வந்தால் அவள் முன்னால் எடுத்து வைக்கலாம் என்று, நகை மாதிரிப் பூட்டி வைத்திருந்தேன். ஒரு கெட்ட இரவில் மட்டும் அந்தக் கதவடியில் இருந்து வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன், ஆள் யாரும் இல்லாதபோது. அதை யாரோ எடுத்து, சும்மா ஒரு சனிக்கிழமை, கோப்பைகளுக்கு நடுவில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உனக்கு என்ன நடந்ததெண்டு தெரியேல்ல, ஆனால் நல்லா வடிவா வந்தனி" என்றாள் கலா. "பொட்டெல்லாம் வைச்சுக்கொண்டு."

என் கண் தானாகவே ஜன்னலோரம் போனது. என் கதிரையில், என் மெத்தையின் மேல், கல் இருந்தது. பொட்டோடு.

"இதை ஆர் இதில வைச்சது?"

"அதிலதானே நீ…" என்று தொடங்கின கலா நிறுத்திவிட்டாள்.

நான் கணவருக்கு அழைத்து, அவளும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "இஞ்சேருங்கோ, தலையிடி எண்டு படுத்த சனிக்கிழமை நான் எங்க இருந்தனான்?"

"இதென்ன கேள்வி? சோபாவில. நான்தானே தேத்தண்ணி போட்டுத் தந்தனான். இருளும் வரைக்கும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு கிடந்தனீர். ஏன், இப்ப என்ன?"

கலாவின் கை என் கைக்குள் குளிர்ந்துபோனது. கடைசியில் அவள், "வித்யாவுக்குச் சொல்லாதை, பாவம்" என்றாள்.

இப்போது கேளுங்கள். பயம் வரவேண்டிய இடம் இது. எனக்கு வந்தது பயமில்லை. என்னைப்போலவே ஒருத்தி வந்து, என் கதிரையில் இருந்து, என் சம்பலைச் சொல்லிக்கொடுத்து, என் கதையைச் சொல்லி, நான் இவ்வளவு காலத்தில் வாங்காத அன்பை இரண்டே பின்னேரத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வித்யாமேல் இருந்த எரிச்சல் எனக்கு அந்த இடத்திலேயே விட்டுப் போய்விட்டது. அது முழுக்க இவள்மேல் திரும்பிவிட்டது. அவள் என்னைவிட நல்லவளாக வேறு இருந்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்லுவது?

கல்லைத் தூக்கி எறியலாம்தான். எறிந்தால் மூன்று பேராகிவிடுவோம், மூன்று பேராகக் கலா இவ்வளவுக்குப் பிறகும் வரமாட்டாள். வேறு கல் எடுப்போமென்றேன். "பொட்டு வைச்சு இருத்தின ஆளை எப்பிடி எழுப்பிறது?" என்று கேட்டாள். அவள் அந்தக் கல்லை விட விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை, தடிமன் காய்ச்சலோடும் போனேன். நான் இருக்கும்போது கல் கல்லாகத்தான் இருந்தது. சிலநேரம் கதையில் ஒரு அமைதி விழும். அப்போது கலா கல்லைப் பார்ப்பாள்.

நீண்ட வார இறுதியொன்றில் புறப்பட்டோம். பின்ஆசனத்தில் நானும் கல்லும். வித்யா விளையாட்டாக அதற்கும் ஆசனப் பட்டி போட்டாள். செம்மண் மேடு, காய்ந்த புதர், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனுசர் இல்லை. கிழவர் சொன்னது பொய்யில்லை, வானம் உண்மையாகவே கூரை மாதிரித்தான். ஆனால் அதன் கீழே கிடந்து நான் பார்த்தது வானத்தையல்ல. அடுப்புக்கு அங்கால் இருந்த கல்லை.

திரும்பி வெளிக்கிடுகிற காலையில் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு புதரடியில் வைத்தேன்.

"போகேக்க நாலு பேர், வரேக்க மூண்டு பேரோ?" என்றாள் கலா.

அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது, அது அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் சொந்தம் என்று வழியிலேயே பலகை போட்டிருந்தார்கள். எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. உணவுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்துக் காட்டினேன். "இதுதான் நாலாவது ஆள். வீட்டை போய் உடைச்சுச் சம்பல் இடிக்கலாம்."

வித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "மனோக்கா, உங்களை மாதிரி ஆளைப் பாத்ததே இல்ல! ஆனா அந்தப் பொட்டைக் காணோமே, காத்துல பறந்துடுச்சோ?"

நானும் பார்த்தேன். கல்லின் மேல் பொட்டு இல்லை, அது இருந்த இடம் மட்டும் வட்டமாக, தூசி படாமல் இருந்தது. நான் ஜீப்பில் ஏறின பிறகு கலா மெல்லத் திரும்பிப் புதரடிக்குப் போய், குனிந்து அதைத் தொட்டு, "போயிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குரலில் அவள் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

இப்போது எல்லாம் சரிதான். கதவுக்கு ரப்பர் ஆப்பு ஒன்று வாங்கி வைத்துவிட்டோம். வித்யாவை நானும் 'எடி' என்றுதான் கூப்பிடுகிறேன், அவளுக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. சனிக்கிழமைகளில் என் கதிரை எனக்குத்தான். ஆனால் கலா கதவைத் திறக்கும்போது அவள் கண் முதலில் போவது என் நெற்றிக்கு. அதற்குப் பிறகுதான் என் முகத்துக்கு வரும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கண்ணில் ஏதோ அணையும். பிறகு, "வாடி மனோ, இரு" என்பாள்.

அதைத் தாங்காமல் ஒருநாள் தமிழ்க் கடையில் மெரூன் பொட்டுப் பக்கற் ஒன்று வாங்கினேன். வாங்கின பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது, யாரைப் பார்த்து நான் வேசம் போடுவது? திறக்காமல் அலுமாரி லாச்சிக்குள், துவாய்களுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை மேலதிக வேலை, தட்ட முடியவில்லை. "வரமாட்டன்" என்று கலாவுக்குச் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலை அவள் அழைத்தாள். குரலில் அப்படியொரு சந்தோசம். முந்தின நாள் பின்னேரத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலநிலை, மரக்கறி விலை என்று கதைத்துக்கொண்டிருந்தாள், பாட்டுப் பாடுகிறவள் மாதிரி. நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அறைக்குள் போய், லாச்சியை இழுத்து, துவாய்களைத் தூக்கினேன். பக்கற் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பிரித்த அடையாளமே இல்லை.

கண்ணாடித்தாளுக்கு உள்ளே, முதல் வரிசையில், ஒரு பொட்டு குறைந்திருந்தது.

"கேட்கிறியே மனோ?" என்றாள் கலா.

"ஓம், ஓம்" என்றேன்.